சத்தம் போட்டால்தான் படம் வரும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மூன்று கிளை வைத்திருந்த அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் திடீரென்று நவீன ஆசை பிடித்துக்கொண்டது. நர்சுகளுக்குப் பாடம் எடுக்கும் அபயாம்பாள் மேடம் இனிமேல் ஆட்டோவில் அலைய வேண்டாமாம். மயிலாப்பூரில் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவாராம். டெலிபோன் லைன் வழியாக மற்ற இரண்டு கிளையிலும் அந்த நிமிஷமே டி.வி.யில் தெரிவாராம். வாழ்வுதான், போங்கள்!

அடையாறு கிளையில் டெம்பரரி நர்சாக இருந்த அன்புக்கரசிக்கு அந்த டி.வி.யைப் பார்த்தாலே ஓடி ஒளியத் தோன்றியது. நின்றுபோன இதயத்தை அமுக்கி ஓடவைக்கும் முதலுதவியை அன்றைக்கு அவள் செய்துகாட்ட வேண்டும். மேடம் கண்ணால் பார்த்து 'பாஸ்' என்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதற்குள் அவள் அம்மா தாயம்மா, "எம் பொண்ணு பர்மனென்ட்டு ஆயிட்டா" என்று அவர்களுடைய மீனவர் குப்பமான நொச்சிக்குப்பம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இந்த அம்மாக்களை என்னதான் செய்வது!

லைன் மாட்ட வந்த இனாயத் போகும்போது தெளிவாகச் சொன்னான். "சிஸ்டர், யாரு சத்தம் போடறாங்களோ அவங்க படம்தான் மேடத்துக்குப் போவும். கம்முனு இருந்தா நீங்க இல்லாத மாதிரிதான்."

யார் காதில் வாங்கினார்கள்? மேடத்தின் முகம் டி.வி.யில் வந்ததுமே வார்டு சிஸ்டர் ஜைதூன் பீ எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மேலதிகாரி எதிரில் நர்ஸ் வாயைத் திறக்கக் கூடாது, உட்காரச் சொல்லாமல் உட்காரவும் கூடாது. டி.வி. பெட்டிக்குள் இருந்தாலும் மேலதிகாரி மேலதிகாரிதானே? அடையாறையே திரையில் பார்க்க முடியாத மேடம் எப்படி உட்காரச் சொல்வார்? கால் கடுக்க நின்றார்கள், பாவம்.

முதலில் செய்துகாட்டிய தி.நகர்க்காரிகளுக்கோ வாய் ஓயவில்லை. சளசளவென்று பேசிப் பேசித் திரையை நிரப்பினார்கள். "தி.நகர், ரொம்ப நன்னாப் பண்ணினேள்" என்று மேடம் பாராட்டினார்.

"அடுத்தது அடையாறு. ஆரம்பிக்கலாம்."

கட்டிலில் நோயாளிக்குப் பதிலாகப் போர்வை போர்த்திய ஒரு தலையணை. அன்புக்கரசி அதைத் தட்டிப் பார்த்தாள். அடுத்தது, உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். தூளியில் தூங்கும் குழந்தைக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல, "ஹெல்ப், ஹெல்ப்" என்று முணுமுணுத்துவிட்டு, வியர்க்க வியர்க்க அமுக்க ஆரம்பித்தாள்.

"அடையாறு? இருக்கேளா? இங்க தி.நகர்தான் தெரியறது" என்றார் மேடம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "யாரும் வரலே போலருக்கு. அன்புக்கரசி ஆப்சென்ட்னு போட்டுடறேன்."

"சிஸ்டர், நான்..." என்றாள் அன்புக்கரசி.

"ஷ்ஷ்! மேடம் பேசறாங்க" என்றார் ஜைதூன் பீ.

அட, கஷ்டமே! இனாயத் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அமுக்குவதை நிறுத்தாமலே கத்தினாள்.

"யாராச்சும் ஓடியாங்களேன்! இங்க ஒரு ஆளு மூச்சில்லாம கெடக்குது! டாக்டரு எங்க பூட்டாரு? இன்னாத்த வேடிக்க பாத்துக்கினு கீறீங்க?"

கட்டுமரத்தில் இருப்பவனைக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரல் அது. கட்டடமே கிடுகிடுத்தது. மேடத்தின் திரை சட்டென்று அடையாற்றுக்குத் தாவியது. அதோடு நின்றதா? டியூட்டி டாக்டர் ஸ்ரீவத்சன் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். பின்னாலேயே ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வந்தது. நோயாளியைப் பார்க்க வந்த ஓர் அம்மாள், யார் எவர் என்று தெரியாமலே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் போர்வையை விலக்கினார். தலையணை!

"யார் கத்தினது?" என்று எகிறினார். "நீயா? நாளைலேர்ந்து இந்தப் பக்கமே வராதே!"

"டாக்டர், சித்த தள்ளி நில்லுங்கோ. கேமராவை மறைக்கறேள்" என்றார் டி.வி.யிலிருந்து மேடம்.

டாக்டர் விதிர்விதிர்த்து நகர்ந்தார்.

"கூப்பிட்டா ஆள் வரணும். இல்லேன்னா அப்புறம் பண்றதெல்லாம் வீண். தி.நகர்ல கூப்பிட்டதுக்கு ஒருத்தர் எட்டிக்கூடப் பாக்கலே. இவ கூப்பிட்டா, நீங்களே வந்துட்டேள். இதைவிட என்ன வேணும்? அன்புக்கரசி பாஸ். தி.நகர், நீங்க மறுபடியும் பண்ணுங்கோ."

ஜைதூன் பீயே கை தட்டிவிட்டார். ஆனால் அன்புக்கரசி நிறுத்தவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று கூவிக்கொண்டே அமுக்கினாள்.

டாக்டருக்குக் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. "போதும்மா. அதான் பாஸ்னு சொல்லிட்டாங்களே" என்றார்.

"நிறுத்துனா படம் பூடும் சார்! பர்மனென்ட்டுனு மேடம் எழுதி முடிக்கட்டும். நாலு! அஞ்சு!"