மெழுகரசியும் ஐந்தாம் இயலும்

விடியலின் வெண்பனி கூரைகளை விட்டு இன்னும் எழாத வேளையில், ஆற்றின் இருகரையிலும் நெருங்கிக் கிடந்த அந்நகரம், நெடுவழி சுமந்து வந்த மூட்டையை இறக்கி வைக்க இடங்காணாத கூலியாள்போல், விழித்தும் எழாமல் கிடந்தது. ஆலைகளின் புகைபோக்கிகள் நெட்டுயிர்த்தன; பாலத்தின்மேல் முதல் வண்டிகள் உறக்கம் கலையாத மாந்தரை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன; தெருமுனைதோறும் நாட்டுத் தலைவரின் உருவப்படம், மழையில் ஊறி, வெயிலில் வெளிறி, கண் எது கன்னம் எது எனப் பிரித்தறிய ஒண்ணாததாய், ஆயினும் நாள் தவறாமல் துடைக்கப்பெற்று நின்றது. அவரை நேரிற் கண்டார் ஈராண்டாக எவரும் இலர். நலமாய் உள்ளார் என்று காலைதோறும் அறிவிப்பு வரும். அவ்வறிவிப்பை ஐயுற்றோருள் சிலர் வீடு திரும்பாமையின், ஐயுறுதலும் உடலை வருத்தும் ஒரு வேலையே எனத் தெளிந்து, ஊரார் அதனைக் கைவிட்டிருந்தனர்.

படிப்போரே, அந்நகரின் பள்ளி ஒன்றில் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியை ஒருத்தி, எழுவாய் ஒன்றாகவும் பயனிலை வேறாகவும் முரணி நிற்கும் சிறுவர்தம் தொடர்களைச் சிவப்பு மையால் திருத்தியே தன் இளமையைக் கழித்தவள், பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் புனைபெயரில் ஒரு சிறுநூல் எழுதினாள். தேன்கூட்டின் அரசி இறந்துபட, மூத்த தேனீக்கள் சில அவ்வுடலை மெழுகால் மூடி, ‘உள்ளே முரல்கின்றாள், கேளுங்கள்’ என்று ஏனையவற்றை ஏவி ஆண்ட கதை அது. ஐந்நூறு படிகள் அச்சாயின. நானூறு அச்சகத்தின் படிக்கட்டடியில் உறங்கின. எழுதிய ஞான்று எந்நாட்டிற்கும் பொதுவாய் இருந்த அதன் உட்பொருள், தலைவர் மறைந்திருந்த ஈராண்டில், ஒரே உடம்புக்கு அளந்து தைத்த சட்டையாய்ப் பொருந்திப் போயிற்று. இத்துணை நாளும் அந்நூலைக் காத்து நின்றது அதனைப் படிப்பார் இன்மையே.

படித்தவன் ஒருவன் இருந்தான், அவள் தம்பி. கதைகளில் மறைந்துறையும் அரசியலை ஆராயப் புகுந்தவன், தன் வீட்டிலேயே பிறந்த அந்நூலை, ஆசிரியர் இன்னார் எனச் சொல்லாமலே, ஏழாண்டு ஆய்ந்தான். அவன் ஆய்வேட்டின் ஐந்தாம் இயலே அதன் உயிர். முதற் பக்கங்களில் ‘பறந்தன’ என்றே பேசப்பட்ட தேனீக்கள், இறுதிப் பக்கங்களில், பிழையறியாத அக்கையால், ‘அஞ்சினர், அடங்கினர்’ என மக்களுக்குரிய வினை பெற்றதைப் பல சான்றுகளுள் ஒன்றாகக் காட்டி, ‘மெழுகரசி என்பாள் தேனீ அல்லள், தன்னை ஆள்வார் உளரா என்று வினவ அஞ்சும் ஒரு நாடு’ என அவ்வியலை முடித்திருந்தான். தலைவர் நாள்தோறும் காட்சி தந்த காலத்தே ஒப்படைத்த ஏடு அது. மதிப்பீட்டுக்குச் சென்றது, பல்கலைக்கழகங்கட்கே உரிய விரைவில், ஈராண்டு கழித்துத் திரும்பியது. அதற்குள் அவ்வரி குற்றமாய் முதிர்ந்திருந்தது. அச்சகத்தாரோ இன்னும் உயிருடன் இருந்தார். எழுதியவர் யார் எனக் கேட்டால் சொல்லிவிடுவார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

பொதுவாய்மொழித் தேர்வு நாளாகிய அன்று காலை, அடுப்படியில் நின்றவாறே தம்பி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தான். அக்கை மாணவர்தம் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னிக்கு நீ வராதே.”

“ஏன்? அரை நாள் லீவு சொல்லிட்டேன். ஏழு வருஷமா என் கதையத் தின்னே வளந்தவன் என்ன பேசறான்னு நான் பாக்க வேணாமா?”

“விளையாடாதேக்கா. அஞ்சாவது இயல எடுத்துடுங்கிறாரு நெறியாளர். இது தேனீயப் பத்தின கதைதான்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிட்டா போதுமாம்.”

“சொன்னா பட்டம் உண்டா?”

“திருப்பி எழுதணும். இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.”

“சொல்லலைன்னா?”

“எழுதினது யாருன்னு தேடுவாங்க. உன் வேலை போயிடும். வேலையோட நின்னா நல்லது.”

“போனா, இந்த நாப்பத்திரெண்டு நோட்டு தொல்லை விட்டுது.” அவள் நகைத்தாள், பின் எழுதுகோலை மூடி வைத்தாள். “இங்க பாரு. பயப்படறதா இருந்தா எழுதும்போதே பயந்திருப்பேன். நீ படிச்சதைப் படிச்ச மாதிரியே சொல்லு. அது போதும்டா எனக்கு.”

முற்பகலில் கூடிய அவை, கூடாமலே இருந்திருக்கலாம் என்னும் சோர்வுடையதாய் இருந்தது. காற்றாடிகள் வெப்பத்தையே இடம் மாற்றின. ஆய்வு மாணவர் கையொப்பத்திற்காக வந்து கொட்டாவியை மறைத்தனர். முதல் வரிசையில், துறையில் எவரும் அறியாத ஒருவர், மடிப்புக் கலையாத குறிப்பேட்டைத் திறந்து வைத்து அமர்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் நான்கு இயல்களை வழுக்குத் தரையில் நடப்பார்போல் மெல்லக் கடந்து, ஐந்தாம் இயலில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கேட்டார்:

“மெழுகரசி தேனீ அல்லள் என்கிறீர்கள். இதை இந்த அவையில் உறுதிப்படுத்துகிறீர்களா?”

நெறியாளர் தம் காலணியை நோக்கினார். தம்பி கடைசி வரிசையை நோக்கினான். ஆங்கே அக்கை, ஒப்புவிக்க எழும் மாணவனைப் பார்க்கும் ஆசிரியைபோல், முதுகு நிமிர்த்தி, உதடுகளால் அவனுக்கு முன்னரே விடையைச் சொல்லிக்கொடுப்பாள்போல் அமர்ந்திருந்தாள். அம்முகத்தின் பின்னே, மூடிய ஊர்தி ஒன்றும் அவள் திரும்பி வாராத நாள்களும் அவனுக்குத் தோன்றின. ஏழாண்டின் அயர்வெல்லாம் ஒருங்கே திரண்டு அவன் நாவிற் படிந்தது.

“இல்லை, ஐயா. அது என் மிகைக் கற்பனை. அந்நூல் தேனீக்களின் வாழ்வைக் கூறுவது. அதில் வேறு பொருள் இல்லை. ஐந்தாம் இயலைத் திரும்பப் பெறுகிறேன்.”

அவை முழுதும் மூச்சு விட்டது. “தேனீன்னா தேனீதானே, கொட்டாம இருந்தா சரி” என்று யாரோ சொல்ல, நகைப்பு எழுந்தது. முதல் வரிசைக்காரர் ஒன்றும் எழுதாமல் குறிப்பேட்டை மூடினார். எல்லாரும் கைதட்டினர், கடைசி வரிசையில் அக்கையும் தட்டினாள்.

பேருந்து நிறுத்தத்தின் நிழலில் இருவரும் வண்டிக்குக் காத்து நின்றனர்.

“நல்லா சொன்னேடா,” என்றாள் அவள். “எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தேனீதானோன்னு.”

“உனக்காகத்தான்க்கா.”

“தெரியும். வேற யாராவது சொல்லியிருந்தா திட்டித் தீத்திருப்பேன். உன்னைத் திட்டவும் முடியலை.” வண்டி வரும் திசையை நோக்கியவாறே சொன்னாள்: “இருந்ததே ஒரு வாசகன்.”

மாலையில் அவள், தன் சிறுநூலில் அவன் வைத்திருந்த படியைக் கேட்டு வாங்கினாள். நான்கு நிற மைகளில் ஏழாண்டின் ஓரக்குறிப்புகள் அதன் பக்கமெங்கும் எறும்பு வரிசைபோல் ஊர்ந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில், முதன்முறை படித்த அன்று அவன் எழுதிய இரு சொற்கள் இருந்தன: ‘இது நாம்.’ அவள் அதனை ஒருமுறை படித்தாள், மூடினாள், நாற்பத்திரண்டு ஏடுகட்கும் அடியில் வைத்தாள், மேலிருந்த ஏட்டைத் திறந்து செம்மைக்கோலை எடுத்தாள்.

நூலைத் தீயிடும் பகைவனும் அதன் பொருளை அறிந்தே தீயிடுகின்றான். அவ்வளவில் அவன் அதற்கு ஒரு மதிப்புச் செய்கின்றான். அன்பினால் அதனை மறுப்பவனோ, ஒரு தாளும் கருகாமல், அதன் விளக்கை அவித்துவிடுகின்றான். அவனைக் குற்றம் கூறுதற்கு நமக்கும் நா எழுவதில்லை. மேசையின் மறுபுறம் தம்பி தன் ஆய்வேட்டைப் பிரித்து, ஐந்தாம் இயலை உருவி எடுத்துக் கவிழ்த்து வைத்தான். நான்காவதை அடுத்து ஆறாவது வந்தது. அவன் அவ்வெண்ணை அடித்து, ஐந்து என்று எழுதினான்.