பட்டினி போடாத செல்கள்

எட்டாவது தடவையும் இரண்டு தட்டுகளும் ஒரே எண்ணைக் காட்டின. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் என் ஆய்வை இழுத்து மூடப்போகிறார் என்பது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். மூன்று வருட உழைப்பு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

விஷயம் எளிது. அடிபட்டால் ரத்தத்தை உறையவைக்கும் நொதி த்ராம்பின். இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்வரை நல்லதுதான். நோயுற்ற சிறுநீரகத்துக்குள் கசிந்தால், அங்குள்ள செல்களைச் சீண்டிச் சீண்டிக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்கவைக்கிறது என்பது என் சந்தேகம். கொலாஜன் சேரச் சேரத் தழும்பு. தழும்பு ஏற ஏறச் சிறுநீரகம் இறுகிச் செத்துப்போகும். இதை நிரூபிக்க, ஒரு தட்டில் இருக்கும் சிறுநீரகச் செல்களுக்கு த்ராம்பின் விடுவேன், இன்னொன்றுக்கு விடமாட்டேன். முதல் தட்டில் மட்டும் கொலாஜன் ஏறவேண்டும். எனக்கு இரண்டிலும் ஏறியது, பங்கு பிரித்த மாதிரி சமமாக.

யாரோ கைவைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். யாரோ என்ன யாரோ, என் நாத்தனார்தான். அதே ஆய்வகத்தில் ரத்த உறைவுப் பிரிவில் மூத்தவள். நேரில் "அக்கா, நீங்க" என்பேன். மனசுக்குள் எப்போதும் "அவள்"தான். கல்யாணமான மறுமாதமே வீட்டுக்கு வந்து, "என் தம்பி இளைச்சிட்டான், ஒழுங்கா சாப்பாடு போடறியா இல்லையா?" என்று அடுப்பிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தவள்.

ஒரு வருடம் முன்பு, இந்தச் சோதனையை நான் முதல் தடவை செய்தபோது, எல்லார் முன்னாலும் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"செல்லுக்குத் தீனியா சீரம் ஊத்தி வச்சிருக்கியே. சோதனைக்கு முந்தின நாள் அதை எடுத்துட்டுப் பட்டினி போடு."

நான் விடுவேனா? "தம்பியைப் பட்டினி போடறேன்னு வீட்ல சண்டை. இங்க வந்து செல்லைப் பட்டினி போடச் சொல்றீங்க. ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்கக்கா."

ஆய்வகமே வயிறு குலுங்கச் சிரித்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. அதன்பிறகு என் வேலையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. செல்களைப் பட்டினி போடுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான், எனக்கும் தெரியும். என் செல்கள் பட்டினி தாங்காது என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம், அதைச் சொன்னது அவள்.

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க, செல்களை வளர்க்க நான் சீரம் கலந்து வைத்திருந்த மீடியம் திரவப் பாட்டில்களின் மூடியில் நெயில்பாலிஷால் மெல்லிய கோடு இழுத்துவைத்தேன். வியாழக்கிழமை காலையில் ஒரு பாட்டிலில் கோடு உடைந்திருந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பாட்டிலை மேசைமேல் டக்கென்று வைத்தேன். "இதை யார் திறந்தாங்கன்னு கேளுங்க சார்."

"நான்தான்," என்றாள், என்னைப் பார்க்காமலேயே. ஒரு தாளை இயக்குநர் பக்கம் தள்ளினாள். "ரத்தம் உறைஞ்சதுக்கப்புறம் மிஞ்சற தண்ணிதானே சார் சீரம்? உறைய வச்ச த்ராம்பின்ல மிச்சம், பிளேட்லெட் கக்கினது, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. இவ பாட்டில்ல இருந்து கொஞ்சம் எடுத்து அளந்தேன். த்ராம்பின் விடாத தட்டுன்னு இவ சொல்றாளே, அதுவும் மொதல் நாள்லேர்ந்து அதைத்தான் குடிச்சிட்டிருக்கு."

அடுத்த தாளில் ஒரு வரைபடம். அதே செல்கள், ஒரு நாள் பட்டினி போட்டவை. த்ராம்பின் விடாத தட்டில் கொலாஜன் தரையோடு கிடந்தது. விட்ட தட்டில் ஆறு மடங்கு. மூன்று வருடமாக நான் தேடிய கோடு, அவள் கையெழுத்தில்.

என் சந்தேகம் சரி. அவளும் சரி. அவளை எப்போதும் வெறுத்தேன், அந்த நிமிஷத்தில் அதைவிடப் பத்து மடங்கு வெறுத்தேன்.

"தெரிஞ்சும் ஒரு வருஷம் ஏன் சொல்லலை?" குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது.

"ஒரு தடவை சொன்னேனே. எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடி வந்து அசிங்கப்பட எனக்கென்ன தலையெழுத்தா?"

இயக்குநர் இரண்டு தாள்களையும் அடுக்கி மடித்தார். "ஆய்வை மூட வேண்டாம். இனி மேடம் பொறுப்புல நடக்கட்டும். நீ அவங்களுக்கு உதவியா இரு."

மூட வேண்டாமாம். என் கையிலிருந்து பிடுங்கியதைத்தான் அப்படிச் சொன்னார்.

திங்கட்கிழமை இன்குபேட்டர் கதவில் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. மேலே அவள் பெயர், கீழே பொடி எழுத்தில் என் பெயர். நான் சீரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு வெறும் மீடியம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். தட்டின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள், அன்றைக்கு என் சமையலறையில் பார்த்தது மாதிரியே.

"பட்டினி போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

அறையில் ஏழு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.