கதவுக்கு இந்தப் பக்கம் ஒரே கோடு

ஸிபானைக் கட்டாரிலேயே அடக்குவதென்று முடிவாயிற்று. மையித்தை, உயிர் போன உடலை, இவ்வளவு தூரம் இழுத்தடிக்க வேண்டாம் என்று அவனுடைய வாப்பா ஹபீல் சொன்ன பிறகு கலகெதர வீட்டில் வேறு யாரும் பேசவில்லை. அவன் பெண்சாதி நப்லாவிடம் யாரும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த வத்தேகம அஸ்ஃபர், அங்கே அஸர் தொழுகை முடிந்து கஃபன் துணியை மூடுவதற்கு முன் முகத்தைப் போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். படம் பிடித்து அனுப்பும்படி கெஞ்சிப் பார்த்தாயிற்று. அங்கிருந்த ஹஸரத் சம்மதிக்கவில்லை. மையித்தின் முகத்தைச் சேமித்து வைப்பது சரியில்லை, பெண்சாதியும் தாயும் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்றாராம். ஒரு நிமிடம் கிடைக்கும். நப்லாவுக்கு இனி அவனிடமிருந்து வர வேண்டியது அந்த ஒரு நிமிடம் மட்டும்தான்.

வீட்டுக்குப் பின்னால் மலை. போனில் சிக்னல் நிற்காத இடம். அதற்காகத்தான் ஸிபான் கடைசியாக லீவில் வந்தபோது வயர் இழுத்து ரவுட்டர் பூட்டிவிட்டுப் போனான். அது முன் கூடத்து மூலையில் இருந்தது. அவனோடு பேசியதெல்லாம் அதற்குக் கீழே பிரம்புக் கதிரையில் உட்கார்ந்துதான். "உள்ளுக்குப் போகாதீங்க, உங்கட மொகம் ஒடையுது" என்று அவன் சிரிப்பான்.

இப்போது அவள் இத்தாவில் இருக்கிறாள்; புருஷன் மவுத்தானவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாத நாட்கள். செய்தி வந்ததிலிருந்து உள்ளறைதான். கூடம் முழுக்க ஆண்கள். முற்றத்தில் கட்டிய தறப்பாள் மழைக்கு ஒழுகத் தொடங்கியதும் வெளியே இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். மடிக்கணினி கட்டில்மேல் திறந்திருந்தது. பக்கத்தில் ஸிபானின் உம்மா, மாமி கைரியா, தஸ்பீஹ் மணியை உருட்டாமல் கையில் பிடித்தபடி இருந்தாள்.

வைஃபை விஷயம் தெரிந்தவன் ஸிபானை நானா என்று கூப்பிடும் தம்பி அர்கம் ஒருவன்தான். கொழுந்தன் இத்தா அறைக்குள் வர முடியாது. மூடிய கதவுக்கு வெளியே நின்று பேசினான்.

"மதினி, கீழ வலப்பக்கம் விசிறி மாதிரி ஒண்டு ஈக்கும். அதுல எத்தன கோடு வெள்ளையா ஈக்கி?"

"ஒண்டு."

"கதவுக்குக் கிட்ட கொண்டு வாங்க."

கொண்டுவந்தாள். "அதே ஒண்டுதான்."

"அலுமாரிக்கு மேல வெச்சுப் பாருங்க."

"மேல வெச்சா ஏணி போட்டா பாக்குற?" என்றாள் கைரியா. இரண்டு நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அர்கம் கதவுக்கு அப்பால் மூக்கால் சிரித்தான். அடுத்த கணம் அந்தச் சிரிப்பு வேறெதுவோ ஆகி, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

ரவுட்டரையே இங்கே கொண்டுவரலாமென்றால் தூணிலிருந்து வரும் வயர் கூடத்து மூலையோடு முடிந்துவிடும். அர்கம் அதை ஒருமுறை அணைத்துப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. மவுத்து வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பாஸ்வேர்டு கேட்டு வாங்கியிருந்தார்கள்; அதை மாற்றினான். கூடத்திலிருந்து யாரோ, "அர்கம், வைஃபை போச்சுடா" என்பது உள்ளே கேட்டது.

"மழைக்குத்தான், மாமா."

"மழை காலையிலயும் பெஞ்சிச்சே."

புதிய பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகக் கதவிடுக்கில் சொன்னான். நப்லா தட்டினாள். விசிறி சுற்றியது, நின்றது. ஒரே கோடு.

"நேத்து எத்தன ஈந்திச்சு, மதினி?"

"நேத்து ரெண்டு. விடியக்காலையிலயும் ரெண்டு."

வெளியே அவன் இரண்டடி நடந்து திரும்பும் சத்தம் கேட்டது.

"கண்ணாடி அலுமாரி" என்றான் அர்கம்.

கூடத்தில் கோப்பைகளும் கலியாணப் போட்டோக்களும் வைத்த பெரிய அலுமாரி. அதன் முதுகு முழுக்க நிலைக்கண்ணாடி. உருவப் படங்களுக்கு முன்னால் யாஸீன் ஓத வேண்டாமென்று காலையில் அர்கம்தான் அதை இழுத்து, இந்த அறையின் சுவரோரம் முகத்தைத் திருப்பி வைத்தான். ரவுட்டருக்கும் இந்த அறைக்கும் நடுவே, ஆளுயரத்துக்கு, ரசம் பூசிய கண்ணாடி.

"அதுதான் தடுக்குது. இப்ப நகத்துறேன், மதினி. அஞ்சு நிமிஷம்."

அவன் போனான். கூடத்தில் யாஸீன் முடிந்து துஆ நடந்துகொண்டிருந்தது. அலுமாரியில் முதுகைச் சாய்த்தபடி ஒரு வரிசை ஆட்கள், கையேந்திக் கண்மூடி இருந்தார்கள். ஓதிக்கொண்டிருந்தவர் ஹபீல். பிள்ளைக்காக அழுதழுது ஓதுகிற வாப்பாவை எப்படி நிறுத்துவது? அர்கம் குனிந்து அவர் காதில் ஏதோ சொல்லப்போனான். அவர் கண் திறக்காமலே ஒரு கையை உயர்த்தி, பொறு என்றார்.

அப்போதுதான் அஸ்ஃபரின் அழைப்பு வந்தது.

நப்லா பச்சைப் பட்டனை அமத்தினாள். திரை கறுப்பாகி, பிறகு சாம்பலாகியது. அஸ்ஃபரின் குரல் துண்டு துண்டாக வந்தது. "தங்கச்சி... கிட்ட... இந்தா..."

வெள்ளை தெரிந்தது. துணியாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைக்கு நடுவில் மண் நிறத்தில் நாலைந்து கட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அப்படியே நின்றுவிட்டன. நப்லா முகத்தைத் திரையோடு ஒட்டினாள். கிட்டப் போகப் போகக் கட்டங்கள்தான் பெரிதாயின.

"மாமி, நீங்க கூடத்துக்குக் கொண்டு போங்க. உங்களுக்கு இத்தா இல்ல. நீங்களாச்சும் பாருங்க."

"நீ பாக்காத மொகத்த நான் மட்டும் பாத்து என்ன செய்ய, மகள்?" கைரியா அசையவில்லை.

நப்லா எழுந்து கதவின் கொண்டியில் கை வைத்தாள். அப்பால் ஐம்பது ஆண்கள் ஒரே குரலில் ஆமீன் சொன்னார்கள். கை கொண்டியிலேயே இருந்தது.

"பாத்தீங்களா... மூடப் போறாங்க... தங்கச்சி..."

"இல்ல" என்றாள் திரும்பி. "இல்ல, அஸ்ஃபர் நானா. இல்ல." கட்டங்கள் அசையவில்லை. அவள் குரல் அங்கே போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

துஆ முடிந்தது. கூடத்தில் கதிரைகள் நகர்ந்தன, கோப்பைகள் கலகலத்தன, கனமான ஒன்று சீமெந்துத் தரையில் கிறீச்சென்று இழுபட்டது. விசிறியில் இரண்டாம் கோடு வெளுத்தது. பிறகு மூன்றாவது.

படம் திறந்துகொண்டது. அவ்வளவு தெளிவாக அந்த அறையில் எதுவும் தெரிந்ததில்லை. மஞ்சள் மணல், வெயில், மண்வெட்டியோடு குனிந்த ஒருவரின் சட்டை முதுகில் வேர்வை. பிறகு அஸ்ஃபரின் முகம், கண்கள் வீங்கி. "நல்லா பாத்தீங்க தானே, தங்கச்சி? நீங்க பாத்து முடியுற வரைக்கும் புடிச்சிட்டு நிண்டேன்."

கதவு தட்டப்பட்டது. அர்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "மதினி, கோடு வந்திச்சா? நானாவ பாத்தீங்களா?"

நப்லா மாமியைப் பார்த்தாள். காலையில் அந்த அலுமாரியைத் தனியாகத் தள்ளிய கைகள் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. இந்த வீட்டில் அந்தக் கைகளோடுதான் அவன் இனி இருக்க வேண்டும்.

"பாத்தேன்" என்றாள். அஸ்ஃபருக்கும் சேர்த்து.

கதவுக்கு அப்பால் அர்கம் மூக்கை உறிஞ்சினான். பிறகு, தாழ்ந்த குரலில்: "எப்பிடி ஈந்திச்சு, நானாட மொகம்?"

"ஒறங்குற மாதிரி."

"தாடி வெச்சீந்தாரா? போன மாசம் வெக்கப் போறேண்டு சென்னாரு."

அவளுக்குத் தெரியாது. அவளிடமும் சொல்லியிருந்தான். வேண்டாம் என்று சொல்லிச் சிரித்திருந்தாள். வைத்தானா இல்லையா என்பதைப் பார்த்துக்கொள்ள இருந்த நிமிடம் முடிந்துவிட்டது.

"வெச்சீந்தான்" என்றாள் கைரியா, கதவைப் பார்த்து. "சின்னத் தாடி. வடிவா ஈந்திச்சு."

அர்கம் கதவில் நெற்றியைச் சாய்த்ததுபோல் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. நப்லா கட்டிலில் உட்கார்ந்தாள். திரையில் மண் தள்ளுவது தெளிவாகத் தெரிந்தது. கோடுகள் மூன்றும் வெள்ளையாக இருந்தன. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அவள் அதை அணைக்கவில்லை.