நேர் பந்துக்கு ஒரு சங்கு

டெல்ரிக்குக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம் வரும். எங்கள் விண்ட்வர்ட் தீவுகள் அணியின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன். நான் அவனுக்கு ஸ்லிப்பில் நிற்பவன். அதனால் அவன் புலம்பல் முழுக்க என் காதில்தான்.

அந்த சீசனில் அவனுடைய நேர் பந்து எடுபடவே இல்லை. சுழலும் என்று நம்பி மட்டையை வெளியே நீட்டி எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்! இப்போதோ எல்லோரும் முன்கூட்டியே தெரிந்தவர்கள்போல ஆடினார்கள். ஆர்னோஸ் வேல் மைதானத்தில் பார்படோஸோடு நடக்கும் கடைசி ஆட்டத்தில் சாதிக்காவிட்டால் அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது என்று தேர்வாளர்கள் அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள்.

"கார்வெல்தான் காட்டிக் குடுக்கிறான்" என்றான் டெல்ரிக். கார்வெல் எங்கள் விக்கெட் கீப்பர். நேர் பந்து வரப்போவதை அவனுக்கு மட்டும் டெல்ரிக் சைகையில் சொல்வான்.

"உளறாதடா. அவன் எதுக்குச் சொல்லணும்?"

"அவன் பொண்டாட்டி பார்படோஸ்காரி. போதாதா?"

சைகையை நிறுத்திவிட்டான். பேச்சையும்தான். கார்வெல் பாவம், காரணம் புரியாமல் விழித்தான்.

கடைசி நாள் தேநீர் இடைவேளையில் டெல்ரிக்கின் அப்பா ஓஸ்பர்ட், சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும் கொண்டுவந்தார். மீன்பிடிக்கிறவர். படகு கரைசேர்ந்ததும் ஊரைக் கூட்ட ஊதும் சங்கை இந்த சீசனில் மைதானத்துக்கும் தூக்கி வர ஆரம்பித்திருந்தார். மகன் பந்து வீசும் முனைக்குப் பின்னால்தான் எப்போதும் உட்காருவார்.

"எப்படிடா நம்ம சங்கு? கரெக்டா உன் நேர் பந்துக்குத்தானே ஊதுறேன்!"

டெல்ரிக் கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டான். "ஒனக்கு எப்படிப்பா தெரியும்?"

"பந்தோட திரும்பி நடக்கையில கழுத்துச் சங்கிலிக்கு முத்தம் குடுப்பியே. சின்னப் புள்ளையிலேருந்து நேர் பந்துக்கு மட்டுந்தான். உங்கம்மா போட்ட சங்கிலியாச்சே."

அவன் முதுகை மட்டுமே பார்த்து நின்ற எங்களுக்கு இது எப்படித் தெரியும்? பெற்ற அப்பனே சங்கு ஊதியிருக்கிறார்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் போனதும், "போய் கார்வெல்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றேன்.

"இரு. ஊதுனது அப்பா. ஊதுனா என்ன அர்த்தம்னு பார்படோஸ்காரங்களுக்குச் சொன்னது யாரு? அவன்கிட்ட மூச்சு விட்டே, உன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்."

சரி, எக்கேடாவது கெட்டுப் போ என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் அவர்களுக்கு வேண்டியது மூன்று ரன். எங்களுக்கு ஒரே விக்கெட். பந்து டெல்ரிக் கையில். அவன் திரும்பி நடந்தான். சங்கு முழங்கியது. வேண்டுமென்றே முத்தமிட்டிருக்கிறான், படவா! மட்டையாளன் சிரித்தபடி இறங்கி வந்து மட்டையை நேராக வீசினான். பந்து அப்படித் திரும்பியது, மட்டை காற்றைத்தான் அடித்தது. அவன் கோட்டுக்கு வெளியே வெகுதூரம் வந்துவிட்டான். ஸ்டம்பைத் தட்டினால் போதும். ஆனால் கார்வெலின் கையுறைகள் நேர் பந்துக்காகக் காத்திருந்தன. பந்து அவனுக்கும் எனக்கும் நடுவே புகுந்து எல்லைக்கோட்டுக்கு ஓடிவிட்டது. நான்கு ரன், ஆட்டம் போயிற்று.

"பாத்தியா! வேணும்னே விட்டான்!" என்று டெல்ரிக் கத்தினான்.

கார்வெல் கையுறையைக் கழற்றினான். "நீ சைகை காட்டுறத நிறுத்திட்டே. அப்புறம் நான் எதைத்தான் நம்புறது? உங்கப்பா சங்கைத்தான் நம்பினேன்."

தேர்வாளர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். மேலே பார்வையாளர் வரிசையில் ஓஸ்பர்ட், மகன் பந்து என்னமாய்த் திரும்பியது என்ற பூரிப்பில் விடாமல் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்.