காய்ச்சல் விட்ட நாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கீழ்வீட்டிலிருந்து வந்தது. பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஹரிஷும் வைஷ்ணவியும் இருக்கிறார்கள். ஹரிஷுக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறான். வைஷ்ணவிக்கு ஒன்பதாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடந்தது. இன்று புதன்கிழமை. அவள் டெங்குவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை, எழுதுகிறேன்.

அந்தப் பெண் அப்படிக் கிடக்கும்போது உனக்குக் கதை கேட்கிறதா என்று நீங்கள் திட்டலாம். திட்டுங்கள். நானே திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

மழைக்காலம் வந்தாலே பெங்களூரில் கொசுக்களின் (வேண்டாம். மாநகராட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.)

தாயின் வயிற்றுக்குள் அந்தச் சிசு, வெளியே நடப்பது எதுவும் தெரியாமல் (சிசுவுக்கு என்ன தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடித்தேன்.)

வேதநாயகி பிடிவாதக்காரி.

ஆ, இது நன்றாக வந்தது! வேதநாயகி ஹரிஷின் அம்மா. வளைகாப்புக்காகத் தர்மபுரியிலிருந்து பத்து நாள் முன்பே வந்தவர். பழி போட ஒரு ஆள் கிடைத்தால் பேனா தானாக ஓடும். மாமியார் என்றால் கேட்கவே வேண்டாம், படிக்கிற நீங்களும் உடனே நம்பிவிடுவீர்கள்.

கதையில் மேல்வீட்டுக்காரியும் ஒரு ஓரமாக வருகிறாள். அது நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. ஆகவே அவளுக்கு ஜெயலக்ஷ்மி என்று பெயர் வைக்கிறேன். அது என் பெயர் இல்லை.

3

போன வாரம் புதன்கிழமை மாலை வைஷ்ணவிக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை டெங்கு என்று உறுதியானது. தினமும் வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், காய்ச்சல் விட்ட பிறகுதான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை வரை போய்க் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை, கொதித்துக்கொண்டிருந்த உடம்பு ஜில்லென்று ஆனது. தர்மபுரியிலிருந்து வேனில் பதினெட்டுப் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் தயார். வைஷ்ணவி அரக்கு நிறப் பட்டுப் புடவையில் இருந்தாள். ஹரிஷ்தான் தயங்கினான்.

“டாக்டர் இன்னைக்கும் ரத்தம் குடுக்கச் சொன்னாரும்மா.”

“அதான் காய்ச்சல் விட்டுடுச்சே, அப்புறம் என்ன? வந்த ஜனத்தை உக்கார வெச்சுட்டு ரத்தம் குடுக்க ஓடுவாங்களா? நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது” என்றார் வேதநாயகி.

4

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மேலே இருப்பதில் வேன் உண்மை, சாதம் உண்மை, புடவை உண்மை. வேதநாயகி சொன்னதாக எழுதிய பேச்சும், எழுத்துப் பிசகாமல், யாரோ சொன்னதுதான். ஆனால் சொன்னது அவரில்லை.

அன்றைக்கு வேதநாயகியும் ஹரிஷும் படியேறி ஜெயலக்ஷ்மியிடம் யோசனை கேட்க வந்தார்கள். வேதநாயகி மூச்சு வாங்கிக்கொண்டு, “அக்கா, எனக்கு என்னவோ மனசு ஒப்பலைக்கா. வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிட்டு, வளையலைப் பின்னாடி பாத்துக்கலாமா?” என்றார்.

ஆமாம், தள்ளிப் போடலாம் என்றது அந்த மாமியார்தான்.

ஏன் ஜெயலக்ஷ்மியிடம் கேட்டார்கள்? இருபத்தாறு வருஷம் அவள் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தவள். தெருவுக்கே அவள் ‘ஆஸ்பத்திரி அக்கா’. அவள் அங்கே டோக்கன் எழுதிக்கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள் என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. அவளுக்குமே நாளாவட்டத்தில் அது மறந்துபோனது. கேட்டால் சொல்வாள். சொன்னால் கேட்பார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது.

“அதான் காய்ச்சல் விட்டுடுச்சே, அப்புறம் என்ன?” என்றாள் ஜெயலக்ஷ்மி. மீதியையும் அவள்தான் சொன்னாள்.

ஹரிஷின் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

5

(அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம். திங்கட்கிழமை ராத்திரி ஹரிஷ், கொசு எங்கிருந்து வருகிறது என்று வீடு முழுக்கத் தேடினான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டில் புழுக்கள் நெளிந்தன. மேலே வந்து என் ஃபிரிட்ஜையும் இழுத்துப் பார்த்தேன், அதிலும் நெளிந்தன. எந்தக் கொசு யாரைக் கடித்தது என்று எந்தக் கதையாலும் கண்டுபிடிக்க முடியாது. அதை விட்டுவிடலாம்.)

விட முடியாதது வேறு.

வளையல் அடுக்கும்போது ஜெயலக்ஷ்மியின் முறை நான்காவதாக வந்தது. வைஷ்ணவி கன்னங்களில் சந்தனத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். “வயிறு வலிக்குதுக்கா” என்று மெல்லச் சொன்னாள். “குழந்தை திரும்பும், அப்படித்தான் இருக்கும்” என்றாள் ஜெயலக்ஷ்மி. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைக் கையில் எடுத்தாள். வைஷ்ணவியின் கையைப் பிடித்தபோது மணிக்கட்டுக்கு மேலே சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. வியர்க்குரு மாதிரி இருந்தது. ஆனால் அது வியர்க்குரு

ஆனால் அது வியர்க்குரு இல்லை என்று அவளுக்கு

சரி. நானே சொல்கிறேன். வியர்க்குரு இல்லை என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. டோக்கன் ஜன்னலில் எத்தனையோ கைகள் நீண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணத்தில் வாயைத் திறந்தால் காலையில் சொன்னதை நானே மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சுற்றிலும் பதினெட்டுப் பேர். வளையல்களை மேலே தள்ளினேன். புள்ளிகள் மறைந்துவிட்டன.

6

திங்கள் காலை வைஷ்ணவி வாந்தி எடுத்தாள். ஈறிலிருந்து ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் ஓடினோம்.

டிரிப்ஸ் ஏற்ற வந்த நர்ஸ் கையைப் பார்த்துவிட்டு, “பளெ தெகீரி” என்றாள். வளையலைக் கழற்றச் சொன்னாள். வலி கண்டு பிரசவத்துக்குப் போகும்வரை கழற்றக் கூடாத வளையல். வேதநாயகி ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு அவரே ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கழற்றக் கழற்ற, கை முழுவதும் புள்ளிகள்.

டாக்டரம்மா தமிழில்தான் பேசினார். “காய்ச்சல் விட்டதும்தான் ரத்தக் குழாயிலேருந்து தண்ணி கசிய ஆரம்பிக்கும். பிளேட்லெட் இருபத்திரண்டாயிரத்துக்கு வந்துடுச்சு. இப்ப பிரசவ வலி வந்துடக் கூடாது. வந்தா நார்மலோ ஆபரேஷனோ, ரத்தத்தை நிறுத்துறது கஷ்டம். குழந்தைக்கும் டெங்கு தொத்தியிருக்கலாம். நாம எவ்வளவு நாள் தள்ளிப் போடுறோமோ அவ்வளவு நல்லது.”

தள்ளிப் போடுவது. ஞாயிற்றுக்கிழமை நான் கூடாது என்று சொன்னது அதைத்தான்.

பிறகு டாக்டரம்மா, “இந்தப் புள்ளி முதல்ல எப்ப வந்துச்சு? வயித்து வலி எப்ப ஆரம்பிச்சுது?” என்று கேட்டார். வைஷ்ணவி அரை மயக்கத்தில் இருந்தாள். ஹரிஷுக்குத் தெரியவில்லை. வேதநாயகிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றேன்.

7

முடிவுகள்.

(அ) வலி வரவில்லை. பிளேட்லெட் ஏறுகிறது. மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை. கைக்குட்டை முடிச்சு அவிழ்கிறது. எல்லோரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள்.

(ஆ) வலி வந்துவிட்டது. டாக்டரம்மா வெளியே வந்து ஹரிஷைப் பார்த்து

(இ) இரண்டு பேரில் ஒருவர்

எழுத மாட்டேன். தெரியாத முடிவைத் தெரிந்தவள்போல ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

8

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹரிஷ் மேலே வந்தான். இரண்டு நாள் தாடி. கையில் காலி பிளாஸ்க்.

“பிளேட்லெட் இன்னும் ஏறலைக்கா. நீங்க எத்தனை பேஷண்ட்டைப் பாத்திருப்பீங்க. சொல்லுங்கக்கா, ரெண்டு பேரும் நல்லபடியா வந்துடுவாங்கல்ல?”

இன்னும் என்னிடம்தான் கேட்கிறான்!

“தெரியாதுப்பா. எனக்கு எதுவுமே தெரியாது. நான் டோக்கன் எழுதினவ” என்றேன். பிறகு புள்ளிகளைச் சொன்னேன். வயிற்று வலியைச் சொன்னேன். வளையலைத் தள்ளி மூடியதையும் சொன்னேன்.

அவன் பிளாஸ்க்கைத் தரையில் வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன்.

“செருப்பைப் போடுங்க” என்றான். “டாக்டரம்மா இன்னைக்குக் காலையிலயும் அதைத்தான் கேட்டாங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

அக்கா என்று சொல்லவில்லை.

ஆட்டோ பிடிக்கக் கீழே போயிருக்கிறான். அதற்குள் இந்தக் கடைசி வரிகள். படிக்கிற நீங்களும் என்னை மாதிரி, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி இதை முடித்துவைக்காதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே இருங்கள், காத்திருங்கள். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் போய், அந்தப் புள்ளிகளை ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.