உங்களோடதுதான்

கபரேத்தே கடற்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் சகல வெளிநாட்டுப் பெருமக்களுக்கும், அவர்களைப் பொறுத்துக்கொண்டு வாழும் உள்ளூர்ச் சனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: கனடா தேசத்திலிருந்து ஓய்வூதியத்தோடு வந்திறங்கிய தோன் டக்ளஸ் அவர்கள், டொமினிக்கன் மரியாதை என்னும் அரும்பெரும் கலையை ஐயந்திரிபறக் கற்றுத் தேர்ந்துவிட்டார். சந்தேகம் உள்ளவர்கள் என்னிடம் விசாரிக்கலாம். பரீட்சை என் மகளின் பிறந்தநாளன்றுதான் நடந்தது.

நான் சிரிலோ. கடற்கரைச் சாலையில் சலூன் வைத்திருக்கிறேன். பெரியவர்களை எங்கள் ஊரில் 'தோன்' என்போம், ஐயா என்பதுபோல. தோன் டக்ளஸ் முதன்முதலில் கடைக்குள் வந்தபோது யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். மனிதர் ஏதோ காலி அறைக்குள் நுழைவதைப்போல நுழைந்து, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "இதோ ஆச்சு" என்றேன். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கும் கடிகாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

முடி வெட்டிக்கொண்டு எழுந்தவர், வாசலில் கிடந்த ஆடும் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். மஹாகனி மரம். என் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது.

"இது மிகவும் அழகாக இருக்கிறது" என்றார். அவருடைய ஸ்பானிஷ், புத்தகத்தில் படித்தது. பேசினால் ஏதோ நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பதுபோல இருக்கும்.

"உங்களோடதுதான்" என்றேன்.

ஒரு பொருளை ஒருவர் புகழ்ந்தால் வேறு என்ன சொல்வது? இங்கே பிறந்தவன் எவனும் அதைத்தான் சொல்வான். கேட்டவர் "உங்களுக்கே இருக்கட்டும், நல்லா அனுபவியுங்க" என்பார். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

தோன் டக்ளஸ் கண் கலங்கினார். என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு நாற்காலியைத் தூக்கித் தன் ஜீப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கடையே வாயைப் பிளந்து பார்த்தது. பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்பது மரியாதை இல்லையே. கையசைத்து வழியனுப்பினேன்.

"எங்கப்பா குடுத்த நாற்காலிய எவனோ ஒரு வெள்ளைக்கார கிரிங்கோவுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, கையை வேற ஆட்டிட்டு நிக்கிறியா மனுஷா?" என்று என் மனைவி யுதெல்கா அன்றைக்குக் கேட்டாள். இன்றைக்கும் கேட்கிறாள்.

சில வருடங்கள் கழித்து யாரோ ஒரு ஜெர்மன்காரி அவருக்கு விஷயத்தை விளக்கியிருக்கிறாள். மனிதர் வெட்கத்தில் சிவந்துபோய் ஓடிவந்தார்.

"சிரிலோ, நான் பெரும் பிழை செய்துவிட்டேன். நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவரட்டுமா?"

"ஐயோ, என்ன தோன் இது! அதெல்லாம் வேண்டாம்."

அதையும் நம்பிவிட்டார்.

ஆனாலும் அன்று முதல் மனிதர் மாறினார். கடையில் உட்கார்ந்து எங்களிடம் பாடம் படித்தார். எது சும்மா சொல்வது, எது நிசம், சாப்பிடும்போது "வாங்க சாப்பிடலாம்" என்றால் ஏன் உட்காரக்கூடாது, அழைப்புக்கு "கடவுள் சித்தம்னா வர்றோம்" என்றால் ஏன் நாற்காலி போடக்கூடாது என்று எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தேறியதும் தன் வீட்டு மொட்டைமாடியில் புதிதாக வந்திறங்கும் வெளிநாட்டவர்களுக்கு மாலைநேர வகுப்பே ஆரம்பித்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் ஒயின், பின்னால் கடல். உட்கார என் நாற்காலி.

அந்த மாடிமேல்தான் என் மகள் அன்யெலினாவுக்குக் கண். இங்கே ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆவது கல்யாணத்துக்குச் சமம். பெரிய பாவாடை, அடுக்கு கேக், அப்பாவோடு ஒரு நடனம். பேஸ்பால் சங்கத்துக்காரர்கள் மண்டபத்தை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தகரக்கூரை, சுவரெல்லாம் ரம் விளம்பரம். அவள் முகம் சுளித்தாள்.

ஒரு நாள் தோன் டக்ளஸின் பிடரியை மழித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன். "உங்க மாடியிலேர்ந்து கடல் தெரியுற அழகு இருக்கே தோன், எம் பொண்ணு அந்தப் பக்கம் போறப்பல்லாம் அண்ணாந்து பார்த்துக்கிட்டே போவா. வர்ற மாசம் கடைசி சனிக்கிழமை அவளுக்குப் பதினஞ்சு."

மனிதர் துணிக்குள்ளிருந்து கையை உருவி நெஞ்சில் வைத்தார்.

"சிரிலோ, அந்த மாடி உங்களுடையது. விழாவை அங்கேயே நடத்துங்கள்."

கடையில் கைதட்டினார்கள். அன்றே போய், சங்க மண்டபம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அதை வேறொரு பெண்ணின் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

யுதெல்காதான் இழுத்தாள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாருடா."

"நம்மாளு சொன்னா பேச்சு. அவரு கனடாக்காரரு. அவங்க ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. நாற்காலியத் தூக்கிட்டுப் போனாருல்ல, அதுலயே தெரியலை?"

"இன்னொரு தடவை கேட்டுக்கோயேன்."

"சொன்ன மனுசன்கிட்ட மறுபடி கேட்டா அவரைச் சந்தேகப்படுற மாதிரி ஆகாதா? அசிங்கம்!"

அன்யெலினா என்னையே பார்த்தாள். "நிச்சயமாத்தானே அப்பா?"

"நிச்சயம்" என்றேன்.

நடுவில் தோன் டக்ளஸ் டொராண்டோ போய்விட்டு விழாவுக்கு முந்தின நாள்தான் திரும்பினார். பாவம், களைத்திருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலமாகப் போனோம். முன்னால் ரோஜா நிறப் பாவாடையில் என் மகள். பின்னால் மைத்துனர்கள் ஸ்பீக்கர் பெட்டிகளோடு. கேக்கை இரண்டு பேர் பிரசவ வலி கண்டவளைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது.

வாட்ச்மேன் பெனிதோ கம்பி வழியாகப் பார்த்தான். "என்ன சிரிலோ, யாருக்குக் கல்யாணம்?"

"விளையாடாதடா. கதவைத் திற."

"உள்ள வகுப்பு நடக்குது. யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு."

மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தோன் டக்ளஸ் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"சிரிலோ, நீங்கள் உண்மையாகவே வந்துவிட்டீர்களா?"

"நீங்கதானே தோன் சொன்னீங்க."

"நீங்கள் மாடியைப் புகழ்ந்தீர்கள். நான் 'உங்களுடையது' என்றேன். நீங்கள் 'உங்களுக்கே இருக்கட்டும்' என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்களே எனக்குக் கற்றுத்தந்ததல்லவா?"

பாடத்தில் ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"எங்காளு ஒருத்தன் சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றேன். "நீங்க சொன்னதாலதான் நம்பினேன்."

அவர் புண்பட்டுவிட்டார். "இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை வெளிநாட்டவனாகவே நினைக்கிறீர்களா?"

அவர் பின்னாலேயே மாணவர்கள் இறங்கி வந்தார்கள். பதினைந்து வயது விழா என்று தெரிந்ததும் ஒரே ஆரவாரம். கம்பி வழியாகப் படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி அன்யெலினாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னாள். அவள் சிரித்தாள். விருந்தாளி கேட்டால் சிரிக்காமல் இருக்க முடியுமா? பன்னிரண்டு பேருக்கு ஒயின் ஊற்றியாகிவிட்டது, நடுவில் அனுப்ப முடியாது என்று தோன் டக்ளஸ் மிக மரியாதையாக விளக்கினார்.

என் கடைக்கு முன்னால் சாலையிலேயே விழா நடந்தது. மோட்டார் பைக்குகளை ஓரங்கட்டிவிட்டு நடனம் ஆடினோம். கேக்கின் மேலடுக்கு சரிந்து கீழடுக்கில் உட்கார்ந்திருந்தது. பாவாடை விளிம்பு முழுக்கப் புழுதி. அன்யெலினா என் தோளில் கை வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் உங்களைத்தானே கேட்டேன் அப்பா" என்றாள், பாட்டு முடியும்போது.

மறுநாள் காலையில் தோன் டக்ளஸ் வந்தார். உள்ளே நுழையும்போதே எல்லோருக்கும் தனித்தனியாக வணக்கம். கையில் பூங்கொத்து.

"நான் உறங்கவே இல்லை. வரும் சனிக்கிழமை மாடி உங்களுடையது. இம்முறை பேச்சுக்காக அல்ல. விளக்குகள், உணவு, இசை எல்லாம் என் பொறுப்பு. அன்யெலினா, நீ வருவாய் அல்லவா?"

என் மகள் பூக்களை வாங்கிக்கொண்டாள். அப்படி ஓர் இனிப்பான சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"கண்டிப்பா தோன். கடவுள் சித்தம்னா."

யுதெல்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! வராம இருப்போமா?"

நானும் ஏதோ சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் "சனிக்கிழமை!" என்று கையசைத்தார். நாங்களும் "சனிக்கிழமை!" என்று கையசைத்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் புழுதி போகத் துவைத்துக் காயப்போட்டிருந்த பாவாடையைப் பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் ஆடியது.

"போய்ட்டுத்தான் வருவோமே?" என்று மகளிடம் மெல்லக் கேட்டேன்.

"நீங்க வேணும்னா போங்க. எனக்குப் பதினஞ்சு முடிஞ்சுபோச்சு."

சனிக்கிழமை மாடி முழுக்க வண்ண விளக்குகள் எரிந்தன. அறுபது தட்டு வைத்திருந்ததாகவும், பன்றி இறைச்சி வறுத்திருந்ததாகவும், மனிதர் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் பெனிதோ வந்து சொன்னான்.

நாங்கள் போகவில்லை. நாற்காலி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.