இதோ சார் கை நீட்டிய திசை

ஸ்டுடியோச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளை முதன்முதலாகப் பாடியது ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு. காதல் டூயட். ஆண் குரல், பெண் குரல் இரண்டையும் உருளையே பாடியது. வயலின்களையும் அதுவே பார்த்துக்கொண்டது. கேமராமேன் பதறவில்லை. அப்படியே திரும்பி உருளையை க்ளோசப்பில் எடுத்தார். பாட்டு முடிந்ததும், "இன்னொரு டேக் போலாமா? ரெண்டாவது சரணத்துல அது மேல லைட் அடிச்சிருச்சு" என்றார். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நேயர்கள் குறை ஒன்றும் சொல்லவில்லை. உருளைக்கு நான்கைந்து ரசிகர் கடிதங்கள் வந்தன.

உருளையைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளர் பல வருடங்களாக அதை நோக்கித்தான் கை நீட்டிக்கொண்டிருந்தார். பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர் நாளெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டு சுகமாக இருப்பார் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அவர் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. கிளிப்பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வெற்றுச் சுவரைப் பார்த்து இரண்டு வரி பேசி, பல் தெரியச் சிரித்து, "இதோ, உங்களுக்காக" என்று வலது கையை நீட்டிச் சற்று நேரம் சிலையாக நிற்பார். பாட்டை எடிட்டர் பிற்பாடு ஒட்டிக்கொள்வார். இப்படி ஆயிரக்கணக்கான முறை கையை நீட்டிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? ஒருநாள் பாட்டே நேரில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதன் பிறகு அவருக்கு ஏறுமுகம். ஊரே அவரை 'இதோ சார்' என்றது. எடிட்டர் நிம்மதியாகத் தூங்கினார். நிகழ்ச்சி நேரலையானது, நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பாட்டுக் கேட்டார்கள். நேயர் லைனில் இருக்கும்போது பாட்டு மரியாதை தெரிந்து நடந்துகொண்டது. எந்தப் பாட்டு, யார் யாருக்காக என்று அவர் சொல்லி முடிக்கும்வரை ஸ்டுடியோ மூலையில் கைகட்டி நிற்கும். ஒரு பெண்மணி அம்மா, அப்பா, மூன்று சித்திகள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, அவளுடைய நாத்தனார் என்று அடுக்கிக்கொண்டே போனபோது, பாட்டு ஒரே ஒரு புல்லாங்குழல் ஒலியை மட்டும் வெளியே விட்டுப் பார்த்து, இன்னும் முடியவில்லை என்று தெரிந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது.

வீட்டில் நேயர் கிடையாது. ஆகவே மரியாதையும் கிடையாது. மனைவி, "மோட்டாரை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்பார். இவர் "அது வந்து..." என்றதும் பழக்கதோஷத்தில் கை நீண்டுவிடும். ஃபிரிட்ஜ் பாட ஆரம்பிக்கும். பல்லவி, இரண்டு சரணம், நடுவில் இசை எல்லாம் முடிந்து அடுத்த வார்த்தை வெளியே வருவதற்குள் மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். மெக்கானிக் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "பாட்டு நல்லாத்தான் வருது, ஐஸ்தான் கம்மி" என்று கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பேசினால் புருவம் தூக்கிய திசையில் பாட்டு வந்தது. எழுதிக் காட்டினால், முற்றுப்புள்ளி வைத்த நொடியில் காகிதம் பாடியது. உருளை பாடிய நாளிலிருந்து புருஷனின் இரண்டாவது வாக்கியத்தை மனைவி கேட்டதே இல்லை. முதல் வாக்கியங்களை வைத்தே குடும்பம் நடத்தினார்.

அதுவும் ஒருநாள் முறிந்தது. மாமனார் இறந்துபோனார். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இதோ சார் பொங்கிவந்த துக்கத்தோடு, "மாமா ரொம்ப நல்லவர்" என்றார். கை நீண்டது. ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து குத்துப்பாட்டு கிளம்பியது, விசிலோடு. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பல பாதங்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. மனைவி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இவர் போன் செய்தார். "மன்னிச்சுக்கோ" என்றதும் ரிசீவரே தாலாட்டுப் பாடியது. நேரில் போனார், மச்சான் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு சோகப்பாட்டு பாடியது. மச்சான், "மாப்ள, தப்பா நினைக்காதீங்க, பசங்களுக்குப் பரீட்சை" என்று கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கேட்டபிறகு சொல்ல வேண்டியதுதான் முக்கியம். அந்த இரண்டாவது வாக்கியம் அவருக்குத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவள் வரமாட்டாள் என்று தெரியும். சொல்லத்தான் வழியில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, ஊர் முழுக்கப் பாட்டுக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாத வீட்டுக்குத் திரும்பினார். ஃபிரிட்ஜ்கூட அவரிடம் முகம் கொடுக்கவில்லை. பேச ஆள் இல்லாதபோது அது எதற்குப் பாட வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை நேரலையில் அடுத்த அழைப்பு வந்தது.

"வணக்கம், யார் பேசறீங்க?"

"நான்தான்."

கேமராமேன் கேமராவிலிருந்து தலையை வெளியே எடுத்தார். இதோ சாருக்கு வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது.

"எங்கேருந்து பேசறீங்க?"

"எங்க அண்ணன் வீட்லேருந்து. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"டிவி சவுண்டைக் கொஞ்சம்..."

"குறைச்சாச்சு. நேரலை ஆரம்பிச்ச நாள்லேருந்து, பதினோரு வருஷமா லைன் ட்ரை பண்றேன். இன்னிக்குத்தான் கிடைச்சுது."

"என்ன... என்ன பாட்டு வேணும்?"

"பாட்டு அப்புறம். அன்னிக்கு எங்கப்பா கிட்ட நின்னு என்னமோ சொல்ல வந்தீங்களே, அதைச் சொல்லுங்க."

இதோ சாரின் கை தானாக நீண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. நேயர் லைனில் இருக்கிறார்; இன்னும் பாட்டின் பெயரைச் சொல்லவில்லை. மூலையில் பாட்டு கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

"மாமா ரொம்ப நல்லவர்" என்றார் அவர். அமைதி நீடித்தது. அமைதியைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். "என்னைப் பார்க்கிறவங்க எல்லாம் பாட்டுதான் கேப்பாங்க. அவர் ஒருத்தர்தான் சாப்பிட்டியான்னு கேப்பார். அதைத்தான் சொல்ல வந்தேன். நீ போனதுலேருந்து கேக்க யாருமே இல்லை."

விளம்பர நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதை ஊரே கேட்டது.

"எனக்கு உங்க மேல கோவமே இல்லை" என்றார் மனைவி. "அந்தப் பாட்டு அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நானும் தாளம் போட்டுட்டேன். அந்த வெட்கத்துலதான் கிளம்பி வந்துட்டேன்."

"எல்லாரும்தான் போட்டாங்க. உங்க அண்ணன் தோளையே குலுக்கினார்."

"அது எனக்குத் தெரியாதே" என்ற மனைவியின் குரலில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "சரி, அதே பாட்டைப் போடுங்க. எங்கப்பாவுக்காக. அப்புறம் தோளைக் குலுக்கின அண்ணனுக்காக, அண்ணிக்காக, பரீட்சைக்குப் படிக்கிற பசங்களுக்காக. அப்புறம் உங்களுக்காக. சாப்பிட்டீங்களா?"

"இல்லை" என்று சொல்லி அவர் கையை நீட்டினார். தீயணைப்பு உருளை இத்தனை நேரம் காத்திருந்ததற்கு வட்டியும் முதலுமாகப் பாடியது.

மனைவி மறுநாள் திரும்பி வந்தார். வீட்டில் இரண்டாவதாக ஒரு தொலைபேசி வாங்கிச் சமையலறையில் வைத்தார்கள். ஏதாவது பேச வேண்டுமென்றால் மனைவி அங்கிருந்து கூடத்துக்கு அழைப்பார். இவர் எடுத்து, "வணக்கம், யார் பேசறீங்க?" என்பார். மோட்டாரிலிருந்து வருத்தங்கள் வரை எல்லாவற்றையும் நிதானமாகப் பேசி முடிப்பார்கள். சண்டை முற்றி, இனி ஒரு வார்த்தை கேட்டாலும் தாங்காது என்ற கட்டம் வந்தால், மனைவி ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, "உங்களுக்காகத்தான்" என்று போனை வைத்துவிடுவார். ஃபிரிட்ஜ் பாடும். பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, இன்றைக்கு என்ன பாட்டு என்று காதைத் தீட்டிக்கொள்வார்.